ஒரு கதையை உளப்பகுப்பாய்வு வழியில் படிக்க 21 நாள் வழிகாட்டி

பகுதிநேரமாகத் தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்த முதல் பருவத்தில், ஒரு சிறுகதையை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஆறு வாரம் படித்தேன். கட்டுரையில் பாதி இடத்தை ஃப்ராய்டின் வாழ்க்கை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் கதைமாந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு மனச்சிக்கலின் பெயரைச் சூட்டியிருந்தேன். திருத்தி வந்த தாளின் ஓரத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: "கதை எங்கே?"

அந்தக் கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை. இப்போது எங்கள் பேட்டையில் ஒரு சிறு வாசிப்புக் குழு நடத்துகிறோம். புதிதாக வருபவர்களில் பலர் நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில் விழுகிறார்கள். கோட்பாட்டை முழுக்கக் கற்றுக்கொண்டுதான் கதையைத் தொட வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் கதை, அதில் உறுத்தும் இடங்கள், அதற்கப்புறம்தான் ஃப்ராய்ட். நூலகத்தில் ஒரு புத்தகத்தை இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் 21 நாளுக்குள் இந்த வேலையை முடித்துவிடலாம்.

1. கையில் என்ன வேண்டும், என்ன செலவு

ஒரு சிறுகதை, ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு நிறப் பென்சில்கள். இவ்வளவுதான். நாவலை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். 6 முதல் 12 பக்கத்துக்குள் முடியும் கதையாகப் பாருங்கள்.

கதை தேடி அலைய வேண்டியதில்லை. 2015இல் நாட்டின் பொன்விழாவையொட்டி, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை மின்னாக்கம் செய்து தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் சேர்த்தார்கள். சிறுகதைத் தொகுப்புகள் அதில் நிறைய உண்டு. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் உங்கள் வட்டார நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போங்கள். குடிமக்களுக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள், தங்களுக்கு என்ன கட்டணம் என்பதை வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொண்டு போவது நல்லது. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் மேல்மாடிகளில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. அங்குள்ள நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். இரவல் நூல்களுக்கு அதே கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள பொது நூலகத்துக்குப் போக வேண்டும். நான் இது தெரியாமல் ஒரு சனிக்கிழமையை முழுதாக இழந்தேன்.

கதையை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சில காசுகள்தான் ஆகும். நூலகப் புத்தகத்தில் கோடு போட முடியாது, கோடு போடாமல் இந்த வேலை நடக்காது. ஃப்ராய்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் சில, குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆக, மொத்தச் செலவு 5 வெள்ளியைத் தாண்டாது. புதுப் புத்தகம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

2. சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாவினால் பின்னால் எல்லாமே கோணலாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆளுமைக்கு மூன்று கூறுகள் என்று ஃப்ராய்ட் 1923இல் வகுத்தார்: இட், ஈகோ, சூப்பர் ஈகோ. தமிழ் நூல்களில் இவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. நான் இச்சை, அகம், மேலகம் என்று எழுதுகிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஃப்ராய்ட் ஜெர்மன் மொழியில் எழுதியபோது இட், ஈகோ என்ற லத்தீன் சொற்களைப் பயன்படுத்தவில்லை. 'அது', 'நான்', 'மேல்-நான்' என்று சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொற்களைத்தான் வைத்தார். லத்தீன் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நானா பேசினேன்? எனக்குள்ள இருந்து ஏதோ பேசிடுச்சு" என்று ஒரு பாத்திரம் சொன்னால், 'நான்', 'அது' இரண்டும் அந்த வரியிலேயே நிற்கின்றன. கண்டுபிடிக்கக் கலைச்சொல் தேவையில்லை.

முதல் கண்ணி 'ஈகோ' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் பேச்சில் 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி' என்றால் தலைக்கனம் என்று பொருள். உளப்பகுப்பாய்வில் தலைக்கனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இச்சை கேட்பதையும், மேலகம் தடுப்பதையும், வெளியுலகம் அனுமதிப்பதையும் ஒன்றாக வைத்துச் சமாளிக்கும் பகுதிதான் ஈகோ. கதையில் அடங்கி ஒடுங்கிப் போகும் ஒரு மருமகளிடம் மிகக் கடுமையாக உழைக்கும் ஈகோ இருக்கலாம்.

இரண்டாவது கண்ணி, அடக்குவதும் ஒடுக்குவதும். கோபம் வருகிறது, வந்தது தெரிகிறது, வாயை மூடிக்கொள்கிறார் என்றால் அது அடக்குதல். கோபம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போனால் அது ஒடுக்கம். நம் ஊரில் அடக்கம் ஒரு நற்குணம் என்பதால் இரண்டையும் எளிதாகக் குழப்பிவிடுகிறோம். "எனக்குக் கோபம்தான், ஆனா சொல்லல" என்று பாத்திரமே சொன்னபின், அதை நனவிலி மனத்தில், அதாவது நமக்கே தெரியாமல் இயங்கும் பகுதியில், கொண்டுபோய் வைக்காதீர்கள்.

நனவிலி, ஆழ்மனம், அடிமனம் என்று மூன்று சொற்களும் புழங்குகின்றன. மூன்றையும் ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றிப் போட்டால் வாசிப்பவர் அவை மூன்று வேறு இடங்கள் என்று நினைத்துக்கொள்வார். 'நனவிலி' ஒன்றே போதும்.

3. கோட்பாட்டை இரண்டு மாலை மட்டும் படியுங்கள்

நோட்டில் ஒரு பக்கக் குறிப்பு போதும். நனவு, முன்நனவு (இப்போது நினைவில் இல்லாவிட்டாலும் நினைத்தால் வந்துவிடுவது), நனவிலி என்ற மூன்று நிலைகள். இச்சை, அகம், மேலகம் என்ற மூன்று கூறுகள். தற்காப்பு உத்திகள், அதாவது ஏற்க முடியாத உணர்ச்சியிலிருந்து தப்பிக்க அகம் தெரியாமலே கையாளும் வழிகள், ஐந்தாறு. உத்திகளை ஒழுங்காக விளக்கியவர் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட், 1936இல் வந்த தம் நூலில். நாத்தவறு, மறதி, கைத்தவறு ஆகியவற்றுக்கு ஃப்ராய்ட் 1901இல் தனியாகவே ஒரு நூல் எழுதினார். கதை படிப்பவருக்கு எல்லாவற்றையும்விட உதவுவது இந்தப் பகுதிதான். கனவு வேண்டாம், பாலுணர்வு வளர்ச்சி நிலைகளும் முதல் முயற்சியில் வேண்டாம். சிறுகதையில் ஒரு பாத்திரத்தின் குழந்தைப் பருவத்துக்கு ஒன்றரை வரிதான் இருக்கும். அதை வைத்து வாய்நிலை, குதநிலை என்று எழுதினால், இல்லாத கதையை நாமே எழுதுகிறோம்.

இரண்டு மாலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு" என்ற எண்ணம் வரும். என் ஆறு வாரமும் அதில்தான் போயிற்று.

4. கதையை மூன்று முறை படித்து, உறுத்தும் இடத்தைக் குறியுங்கள்

முதல் முறை பென்சில் இல்லாமல் படியுங்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போதுகூடப் படிக்கலாம். இரண்டு நாள் கழித்து இரண்டாம் முறை, கையில் பென்சிலோடு. மூன்றாம் முறை சத்தமாக. சத்தமாகப் படிக்கும்போது நாக்கு தடுக்கும் இடமும், உரையாடல் திடீரென்று திசை மாறும் இடமும் காதில் விழும்.

எதைக் குறிப்பது? தேவைக்கு மேல் செய்யப்படும் செயல். திரும்பத் திரும்ப வரும் பொருள். தவறாகச் சொன்ன பெயர். மறந்துபோன வேலை. எல்லாரும் பேசியிருக்க வேண்டிய, ஆனால் யாருமே பேசாத விஷயம்.

எங்கள் குழுவில் பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பக்கக் கதையை இங்கே சுருக்கித் தருகிறேன். இனி வரும் படிகளுக்கெல்லாம் இதுவே எடுத்துக்காட்டு.

கதிரேசன் பேருந்து ஓட்டுநர், வயது 58, ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு. அப்பா இறந்தபின் ஊரில் இருந்த நிலத்தைத் தம்பி விற்றுவிட்டான். கதிரேசன் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மனைவி கேட்டால், "அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ" என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் தேக்கா கடைகளுக்குப் போய்த் தம்பிக்குச் சட்டை எடுப்பார். முதலில் 2 சட்டை, அப்புறம் 4, இந்த ஆண்டு 7. வாங்கியவற்றைப் பெட்டியில் அடுக்குவார், கார்கோவில் போட மறந்துவிடுவார். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அம்மா கடைசியாகச் சொன்ன ஒரு வரி அவருக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்: "தம்பி சின்னப் பையன்டா, பாத்துக்க." ஒருநாள் மகன் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பாவுக்கா? எனக்கே பத்தாதேப்பா" என்கிறான். கதிரேசன் பெட்டியை மூடி, "நாளைக்கு அனுப்பணும்" என்கிறார். அதோடு முடிகிறது.

உறுத்தும் இடங்கள்: 7 சட்டை என்ற மிகை, சிறுத்துப்போன அளவு, அனுப்ப மறப்பது, நிலத்தைப் பற்றிய மௌனம். நான்கே நான்கு. உங்கள் கதையில் பத்துக்கு மேல் குறித்திருந்தால் பாதியை அழித்துவிடுங்கள். எல்லாமே குறிப்பு என்று படிக்கத் தொடங்கினால் எதுவும் குறிப்பாக இராது.

5. மூன்று எசமானர்களையும் தேடுங்கள்

அகத்துக்கு மூன்று எசமானர்கள் என்று ஃப்ராய்ட் பிற்காலத்தில் சொன்னார்: வெளியுலகம், இச்சை, மேலகம். நோட்டில் அட்டவணை மாதிரி நெடுக்காக மூன்று பத்தி போட்டு, உங்கள் பாத்திரத்தை இந்த மூவரும் எங்கெங்கே இழுக்கிறார்கள் என்று கதையின் வரிகளைக் கொண்டே நிரப்புங்கள். சொந்த வாக்கியம் எழுதாதீர்கள். கதையின் வரியை அப்படியே எழுதுங்கள். ஒரு பத்தி காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள்.

கதிரேசனுக்கு நான் நிரப்பியது இது. வெளியுலகம்: தீபாவளிக்கு ஊருக்குத் துணி அனுப்பும் வழக்கம், கேள்வி கேட்கும் மனைவி. மேலகம்: அம்மாவின் வரி. இச்சைக்கு நேரடி வரியே இல்லை. தம்பிமேல் கோபம் என்று கதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. போட முடியாத சட்டையும் போய்ச் சேராத பெட்டியும்தான் அதற்குச் சாட்சி. கோபம் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், இந்த இரண்டையும் வாசகர் கண்முன் வைத்துவிட வேண்டும். சாட்சி முதலில் வரட்டும், தீர்ப்பு பின்னால் வரட்டும்.

6. தற்காப்பு உத்தி: ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு

பட்டியல் கையில் இருந்தால் எல்லா உத்தியையும் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். கதையின் நடுவில் நிற்கும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

கதிரேசனுக்கு எதிர்வினை உருவாக்கம் பொருந்துகிறது: ஒப்புக்கொள்ள முடியாத உணர்ச்சி, அதற்கு நேர் எதிரான செயலாக மாறி வெளிப்படுவது. கோபம் பாசமாக வருகிறது. இதை உண்மையான பாசத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது? மிகையைப் பாருங்கள். 2 சட்டை பாசம் என்று விட்டுவிடலாம். வாங்கியது ஒன்றும் போய்ச் சேராத நிலையில் எண்ணிக்கை மட்டும் 4, 7 என்று ஏறுவதுதான் கேள்வி கேட்க வைக்கிறது.

'அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ' என்ற வரியைக் காரணம் கற்பித்தல் (உள்ளே இருப்பதை மறைக்க ஏற்றதொரு காரணம் சொல்லிக்கொள்வது) என்றும் எழுதலாம். நான் எழுதவில்லை. ஒரு அண்ணன் தம்பிக்காகப் பரிந்து பேசுவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். அதையும் நோய்க்குறியாக்கினால் கதையிலுள்ள மனிதர் மறைந்துவிடுவார்.

7. மேலகத்தில் பேசுவது யாருடைய குரல்?

சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளைப் படிக்கும்போது இந்தப் படியில் கூடுதலாக ஒரு மாலை செலவிடுங்கள். குழந்தையின் மேலகம் பெற்றோரைப் பார்த்து உருவாவதில்லை, பெற்றோரின் மேலகத்தைப் பார்த்து உருவாகிறது என்பது ஃப்ராய்டின் கருத்து. அப்படியென்றால் ஒருவருக்குள் இருந்து அதட்டும் குரல் அவர் அப்பாவுடையது மட்டுமல்ல, தாத்தாவுடையதும்தான். கடல் தாண்டி வந்த குடும்பத்தில் இதன் விளைவு பெரிது. ஊரில் அந்த ஒழுங்குமுறையே மாறிப்போயிருக்கும். இங்கே பன்னிரண்டாம் மாடி வீட்டில், ஊரைப் பார்த்தேயிராத பேத்தியின் மனத்துக்குள் அது மாறாமல் இருக்கும்.

ஆகவே பழமொழி, சாமி வாக்கு, 'நம்ம குடும்பத்துல அப்படிச் செய்யறதில்ல' என்ற வகை வரிகள் வந்தால் இரண்டாம் நிறப் பென்சிலால் கோடு போடுங்கள். அது எத்தனை தலைமுறை பழைய குரல், அந்த இடத்தில் பாத்திரம் தமிழில் பேசுகிறதா, ஆங்கிலத்துக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். கண்டிக்கும்போது ஒரு மொழி, கெஞ்சும்போது வேறு மொழி என்று பேசும் பாத்திரங்கள் நம் கதைகளில் உண்டு. எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். ஃப்ராய்டின் வியன்னாவிலிருந்து வந்த கருவி என்றாலும் நம் வீட்டுக் கதவைத் திறக்கிறது.

8. இந்த இடங்களில் கவனம்

எழுத்தாளரை நோயாளியாக்காதீர்கள். கதிரேசனின் கோபம் கதிரேசனுடையது, அவரைப் படைத்தவருடையது அல்ல. இங்கே தமிழ் எழுத்துலகம் சிறியது. நீங்கள் கட்டுரை வாசிக்கும் அறையில் அந்த எழுத்தாளரே இரண்டாம் வரிசையில் இருக்கலாம், அவர் மனைவியும் அம்மாவும் இருக்கலாம். அவர்கள் குடும்பத்தைப் பற்றி ஊகம் சொல்ல நமக்கு உரிமையில்லை. எங்கும் இது தவறுதான், இங்கே அந்தத் தவறு உடனே ஒருவரைப் புண்படுத்தும்.

மூலச் சொல்லைச் சரிபாருங்கள். 1910இல் ஓவியர் லியோனார்டோவைப் பற்றி எழுதிய ஃப்ராய்ட், அவருடைய இளமை நினைவில் வந்த ஒரு பறவையைக் கழுகு இனத்துப் பிணந்தின்னி என்று எடுத்துக்கொண்டு, எகிப்தியத் தாய்த் தெய்வம் வரை விளக்கத்தை நீட்டினார். இத்தாலிய மூலத்தில் இருந்தது பருந்து. ஜெர்மன் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை. அந்தப் பறவையை வைத்துக் கட்டிய விளக்கம் நிற்க முடியாமல் போயிற்று. நீங்கள் மலாயிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மொழிபெயர்க்கப்பட்ட கதையை எடுத்தால், உங்கள் வாதம் தொங்கும் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

குறியீட்டு அகராதி வைத்துப் படிக்காதீர்கள். பாம்பென்றால் இன்னது, தண்ணீரென்றால் இன்னது என்று எந்தக் கதைக்கும் ஒரே பொருள் இல்லை. கனவு கண்டவரிடம் "இது உங்களுக்கு எதை நினைவுபடுத்துகிறது" என்று கேட்டுத்தான் ஃப்ராய்ட் பெரும்பாலும் பொருள் தேடினார். கதைப் பாத்திரத்திடம் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக, அதே பொருள் கதையில் வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள்.

சங்க அகப்பாடல் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல். உள்ளுறை உவமமும் நனவிலியின் இடப்பெயர்ச்சியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வது. ஆனால் உள்ளுறை, புலவரும் கேட்பவரும் தெரிந்தே ஆடும் ஆட்டம். தோழிக்கும் அது புரியும். இடப்பெயர்ச்சி செய்பவருக்கே புரியாது. கதையில் மழை வந்தால், அது ஆசிரியர் வைத்ததா, பாத்திரத்தின் மனம் வைத்ததா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

9. நாள் கணக்கு

முதல் 5 நாளில் கதையைத் தேர்ந்து, நகல் எடுத்து, முதல் வாசிப்பு. கோட்பாட்டுக்கு 2 மாலை. இரண்டாம், மூன்றாம் வாசிப்பும் பென்சில் குறிகளும் 10ஆம் நாளுக்குள். மூன்று பத்தி அட்டவணை, உத்தி, மேலகக் குரல் ஆகியவற்றுக்கு 14ஆம் நாள் வரை. எழுத 4 நாள். மீதி 3 நாள் தாளைத் தொடாமல் வைத்துவிட்டுத் திருத்த. வேலை நெருக்கினால் புத்தகத்தை இன்னொரு 21 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். வேறு யாராவது முன்பதிவு செய்திருந்தால் முடியாது.

எழுதும்போது முதல் பத்தியில் ஃப்ராய்டின் பெயரே வர வேண்டாம். உறுத்திய இடத்திலிருந்து தொடங்குங்கள்: "ஒருவர் 7 சட்டை வாங்குகிறார், ஒன்றையும் அனுப்புவதில்லை." 1200 சொல் போதும். அதில் கோட்பாட்டு விளக்கம் 200 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள்.

10. யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள்

கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் ஒருவரிடமாவது சத்தமாக வாசியுங்கள். 15 நிமிடம் வாசிக்க, 20 நிமிடம் கேட்க என்று நேரம் ஒதுக்குங்கள். கோட்பாடு தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கதையைக் கவனமாகக் கேட்பவராக இருந்தால் போதும்.

கதிரேசன் கதையை நான் குழுவில் வாசித்தபோது, சட்டையின் சிறிய அளவைக் கோபத்தின் கணக்கில் மட்டும்தான் எழுதியிருந்தேன்: தம்பி போட முடியாத சட்டை. எங்கள் குழுவில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இருக்கிறார், ஃப்ராய்ட் என்ற பெயரையே அன்றுதான் கேட்டார். அவர் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அவங்க அம்மாதான் 'தம்பி சின்னப் பையன்டா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே. இவரு அம்மா சொன்ன அளவுக்குத்தான் சட்டை எடுக்கறாரு."

நோய்க்குறி என்பது இச்சையும் தடையும் செய்துகொள்ளும் சமரசம், ஒரே செயலில் இரண்டும் நிறைவேறும் என்று ஃப்ராய்ட் எழுதியதை என் நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்து வைத்திருந்தேன். எழுதிய கதையும் என்னுடையதுதான். ஆனாலும் தம்பியைப் பழிவாங்குவதும் அம்மாவுக்குக் கீழ்ப்படிவதும் ஒரே சட்டையில் தைக்கப்பட்டிருப்பதை அந்த அம்மா சொன்ன பிறகுதான் பார்த்தேன். அன்றிரவு வீட்டுக்குப் போய், 5ஆம் படியில் நான் போட்ட மூன்று பத்தியை எடுத்து, 'அளவு' என்ற சொல்லை மேலகத்தின் பத்தியிலும் எழுதினேன்.